வலியின் வரலாறு – 14: தீ மிதித்த சிறுவன்

பாகிஸ்தானின் வட பகுதியில் ஒரு சிறுவன் தெருவில் வித்தை காட்டிவந்தான். வயது பத்து. கையில் கத்தியைப் பாய்ச்சிக்கொள்வான். கனன்று கிடக்கும் தணலின் மேல் நடப்பான். முகத்தில் ஒரு சுளிப்பும் இருக்காது. வலி என்றால் என்னவென்றே அவனுக்குத் தெரியாது. புண்ணும் காயமுமாக வந்துபோகிறவன் என்பதால் உள்ளூர் மருத்துவர்களுக்கு அவனை நன்றாகத் தெரியும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய மரபியல் மருத்துவர் ஜெஃப்ரி வுட்ஸின் காதுக்கும் அவன் கதை எட்டியது. ஆனால் ஆய்வுக் குழு அவனைப் பரிசோதிக்கும் வாய்ப்பு வருவதற்குள், பதினான்கு வயது வாக்கில், ஒரு வீட்டுக் கூரையிலிருந்து குதித்து அவன் இறந்துபோனான்.

வுட்ஸ் அத்தோடு விட்டுவிடவில்லை. அதே பகுதியில், சொந்தத்துக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கமுள்ள மூன்று குடும்பங்களில் இதே குறையோடு பிறந்த ஆறு பேரைக் குழு கண்டறிந்தது. தொட்டால் அவர்களுக்குத் தெரியும். சூடு, குளிர்ச்சி தெரியும். கூச்சம் உண்டு, அழுத்தம் புரியும், அறிவில் எந்தக் குறையும் இல்லை. வலி மட்டும் பிறந்த நாளிலிருந்தே இல்லை. பால் பற்கள் முளைத்த பருவத்திலேயே உதட்டையும் நாக்கையும் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டவர்கள். இருவருக்கு நாக்கின் நுனியில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டிருந்தது. எலும்பு முறிந்ததுகூட, குழந்தை காலைச் சாய்த்துச் சாய்த்து நடக்கிறதே என்று பெற்றவர்கள் பிறகு கவனித்ததால்தான் தெரியவந்தது.

வலி இல்லாத வாழ்வைச் சொர்க்கம் என்று நினைப்பவர்கள் இந்த ஆறு பேரின் மருத்துவக் குறிப்புகளை ஒருமுறை படிக்க வேண்டும்.

இவர்களின் ரத்தத்தைச் சோதித்த வுட்ஸ், ஜேம்ஸ் காக்ஸ் குழுவினர் 2006 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். இரண்டாம் குரோமோசோமில் உள்ள எஸ்சிஎன்9ஏ என்ற ஒரே ஒரு மரபணு இவர்களிடம் முறிந்து கிடந்தது. மூன்று குடும்பங்களிலும் முறிந்த இடம் வேறு வேறு, விளைவு ஒன்றே. அந்த மரபணு உருவாக்க வேண்டிய புரதம் உருவாகவே இல்லை.

அந்தப் புரதத்தின் பெயர் நாவ் 1.7. தொடரைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இதன் குலம் தெரியும். ஊசிக் கணவாயின் தடித்த நரம்பில் மின்முனையைச் செருகி, நரம்புத் துடிப்பு என்பது சோடியம் அயனிகள் உள்ளே பாய்வதால் எழுவது என்று 1952இல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் நிறுவியதைப் பார்த்தோம். அந்தச் சோடியம் நுழையும் வாயில் ஒரே வகை அன்று. மனித உடலில் ஒன்பது வகை உண்டு. மூளையில் சில, தசையில் ஒன்று, இதயத்தில் முக்கியமாக ஒன்று. நாவ் 1.7 பெரும்பாலும் இருப்பது முதுகெலும்பின் ஓரத்தில் வரிசையாக அமைந்த நரம்பு முடிச்சுகளில் வாழும் உணர்வு செல்களில். அந்த செல்லின் ஒரு கிளை கால் கட்டைவிரல் வரை, ஏறக்குறைய ஒரு மீட்டர் ஓடுகிறது. இன்னொரு கிளை முதுகுத் தண்டுக்குள் நுழைகிறது. இந்த இரண்டாம் கிளையை மறந்துவிடாதீர்கள். மருந்து நிறுவனங்கள் கோட்டைவிட்டது அங்கேதான்.

ஆனால் நாவ் 1.7இன் கதை பாகிஸ்தானில் தொடங்கவில்லை. அது தொடங்கியது நேர் எதிரான ஒரு நோயில்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடிபட்ட வீரர்களின் எரிவலியை எழுதிவைத்த ஃபிலடெல்ஃபியா மருத்துவர் சைலஸ் வியர் மிட்செலை ஆறாம் அத்தியாயத்தில் சந்தித்தோம். அவரே 1878இல் இன்னொரு விசித்திரமான நோய்க்கும் பெயர் வைத்தார்: எரித்ரோமெலால்ஜியா. பாதமும் கையும் சிவந்து, தீயில் வைத்ததுபோல எரியும். கொஞ்சம் வெப்பம் போதும், காலுறை போட்டால் போதும், நாலு தப்படி நடந்தால் போதும், எரிச்சல் கிளம்பிவிடும். சிலருக்கு இது பரம்பரையாக வரும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஒரு குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இந்த நோய் இறங்கிவந்திருந்தது. இந்த நோய் கண்டவர்கள் செருப்பு போட முடியாமல், குளிர்சாதனத்தின் முன்னாலும் ஐஸ் தண்ணீரிலும் காலை வைத்துக்கொண்டு நாளைக் கழிப்பார்கள். மணிக்கணக்கில் ஐஸில் ஊறிய தோல் வெடிக்கும், புண்ணாகும், அழுகும். அப்படியும் காலை வெளியே எடுக்க மாட்டார்கள். ஐஸ் செய்யும் கெடுதலைவிட எரிச்சல் அவர்களுக்குப் பெரிது.

2001இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இந்தப் பரம்பரை நோயின் வேர் இரண்டாம் குரோமோசோமில் இருப்பதாக இடம் சுட்டினார்கள். 2004இல் பீஜிங் பல்கலைக்கழக முதல் மருத்துவமனையின் தோல் மருத்துவர்கள் மரபணுவையே பிடித்துவிட்டார்கள். எஸ்சிஎன்9ஏவில் இரண்டு எழுத்துப் பிழைகள், ஒன்று ஒரு குடும்பத்திடம், மற்றொன்று தனி நோயாளி ஒருவரிடம். நரம்பியல் உலகம் தேடிக்கொண்டிருந்த ஒன்றைத் தோல் மருத்துவத் துறை கண்டுபிடித்தது என்பதை இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். பாதம் சிவந்தால் நோயாளி முதலில் போவது தோல் மருத்துவரிடம்தானே.

பிழை இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அந்தப் பிழை செல்லுக்குள் என்ன செய்கிறது? இதற்கு விடை தேடியவர் யேல் பல்கலைக்கழகத்தின் ஸ்டீஃபன் வாக்ஸ்மன். கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்ட் ஹேவனில், முன்னாள் படைவீரர் மருத்துவமனை வளாகத்தில் அவரது ஆய்வகம். தியோடர் கம்மின்ஸ், சுலைமான் திப்-ஹஜ் இருவரும் அவரோடு இருந்தார்கள்.

அவர்கள் கையாண்ட கருவியைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். மெல்லிய கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இழுத்தால் நுனி இற்றுப் பிரியும். அந்த நுனியின் துளை ஒரு மைக்ரான் அளவு, மயிரின் தடிமனில் பல பத்துகளில் ஒரு பங்கு. குழாயில் உப்புக் கரைசலை நிரப்பி, நுண்ணோக்கியின் கீழ் அதை செல்லின் மேல் மெதுவாகப் பதித்து, குழாயின் மறுமுனையில் லேசாக உறிஞ்சுவார்கள். செல்லின் சவ்வு கண்ணாடியோடு இறுக ஒட்டிக்கொள்ளும். இனி அந்தச் சவ்வின் வழியே எத்தனை அயனி நுழைகிறது என்பதை மின்னோட்டமாகவே அளக்கலாம். ஜெர்மனியின் நேஹர், சக்மன் இருவரும் உருவாக்கிய இந்த முறைக்கு 1991இல் நோபல் பரிசு கிடைத்தது.

வாக்ஸ்மன் குழு, பீஜிங் நோயாளிகளின் பிழையை நாவ் 1.7இல் செய்து, அந்த மரபணுவை ஆய்வகத்தில் வளரும் செல்களில் ஏற்றியது. பிறகு குழாயைப் பதித்து, மின்னழுத்தத்தைப் படிப்படியாக மாற்றிப் பார்த்தது. ஓய்வில் இருக்கும் நரம்பு செல்லின் உட்புறம் வெளியைவிட 60 முதல் 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். அந்த வித்தியாசம் ஓரளவு குறைந்தால்தான் இயல்பான வாயில் திறக்கும். பிழையுள்ள வாயிலோ பத்து மில்லிவோல்ட்டுக்கும் மேல் முன்னதாகவே திறந்துகொண்டது. திறந்தபின் மூடவும் தாமதித்தது. தாழ்ப்பாள் தளர்ந்த கதவு லேசான காற்றுக்கே திறந்துகொள்வது போல. காலுறையின் கதகதப்பு அந்த செல்லுக்குத் தீயாக எரிந்தது இதனால்தான். ஒரு மனிதரை வாழ்நாள் முழுக்க ஐஸ் வாளியோடு கட்டிப்போட, சுமார் இரண்டாயிரம் அமினோ அமிலங்கள் கோத்த புரதத்தில் ஒன்றே ஒன்று மாறினால் போதும்.

ஒரு புதிர் எஞ்சியது. எரிச்சல் சரி, பாதம் ஏன் சிவக்கிறது? 2006இல் அதே குழு அதே பிழையை எலியின் இரண்டு வகை நரம்பு செல்களில் ஏற்றியது. வலி உணரும் செல் தாறுமாறாகத் துடித்தது. ரத்தக் குழாய்களைச் சுருக்கி வைக்கும் பரிவு நரம்பு செல்லோ, அதே பிழையால் சோர்ந்து துடிப்பை இழந்தது. குழாய்கள் சுருங்காமல் விரிந்தால் தோல் சிவக்காமல் என்ன செய்யும்? ஒரே திரிபு ஒரு செல்லை வெறிகொள்ளவும் இன்னொன்றை ஊமையாகவும் ஆக்கியதற்குக் காரணம், வலி செல்லில் நாவ் 1.8 என்ற இன்னொரு வாயிலும் இருப்பது. அது எளிதில் களைக்காதது. நாவ் 1.7 மூட்டிவிட்ட துடிப்பை அது தாங்கி எடுத்துச் செல்கிறது. பரிவு நரம்பு செல்லில் அது இல்லை. என் பார்வையில் இந்த வரலாற்றின் மிக அழகான பரிசோதனை இதுதான். செல்லின் குணம் ஒரு புரதத்தில் மட்டும் இல்லை, அதற்கு அக்கம்பக்கம் யார் இருக்கிறார்கள் என்பதிலும் இருக்கிறது என்று அது காட்டியது. வாக்ஸ்மன் இந்த நீண்ட தேடலை 2018இல் ‘சேஸிங் மென் ஆன் ஃபயர்’ என்ற நூலாக எழுதினார்.

இதெல்லாம் அரிதிலும் அரிதான நோய்கள், நமக்கென்ன என்று தோன்றலாம். 2012ஐக் கவனியுங்கள். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் மருத்துவர்கள், காரணமே தெரியாத கால் எரிச்சலோடு வந்த 28 பேரை எடுத்துக்கொண்டார்கள். சர்க்கரை இல்லை, வைட்டமின் குறைவில்லை, பரம்பரை நோய் என்று சொல்லும்படியும் இல்லை. அவர்களில் 8 பேரிடம் நாவ் 1.7 மரபணுவில் திரிபு இருந்தது, யேல் ஆய்வகத்தில் சோதித்தபோது ஒவ்வொன்றும் வாயிலை ஏதோ ஒரு வகையில் மிகைப்படுத்தியது. இத்தகைய நோயாளிகள் கண்ட அவமானம் கொஞ்சமல்ல. நரம்பின் மின்கடத்தலை அளக்கும் சோதனை தடித்த நரம்பிழைகளைத்தான் பார்க்கும். வலியைச் சுமக்கும் மெல்லிய இழைகள் அதில் தட்டுப்படுவதில்லை. அறிக்கை சரியாக வரும். ‘உங்களுக்கு ஒன்றுமில்லை, மனதை அலட்டிக்கொள்ளாதீர்கள்’ என்று மருத்துவர் சொல்வார். வீட்டில் அதையே வேறு சொற்களில் சொல்வார்கள். அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் செல்லில், அளந்து காட்டக்கூடிய ஒரு கோளாறு இருந்திருக்கிறது. நாள்பட்ட வலியின் செல்லியல் ஆராய்ச்சி வேறொன்றும் தராவிட்டாலும் இந்த நியாயத்தைத் தந்ததற்காகவே அதை நான் மதிப்பேன்.

ஆக, 2006 முடிவில் படம் தெளிவாகத் தெரிந்தது. வாயில் தளர்ந்தால் தீராத எரிச்சல். வாயிலே இல்லாவிட்டால் வலியே இல்லை. இல்லாதவர்களுக்கு இதயம் சரியாக ஓடுகிறது, மூளை சரியாக இயங்குகிறது. வாசனை மட்டும் அவர்களுக்குத் தெரிவதில்லை என்று 2011இல் கண்டறிந்தார்கள். அப்படியானால் நாவ் 1.7ஐ அடைக்கும் மாத்திரை செய்தால், மார்ஃபின் வகையின் அடிமைத்தனம் இல்லாமல் உலகின் வலியைத் தீர்க்கலாமே? வலி நிவாரண மாத்திரைகளின் பெயரால் அமெரிக்கா ஓபியாய்டு மரணங்களில் மூழ்கிக்கொண்டிருந்த காலம். பெரிய நிறுவனங்கள் எல்லாம் இந்த ஒரு வாயிலின் பின்னால் ஓடின.

முதல் தடை வேதியியல். பல் பிடுங்கும்போது ஈறில் போடும் லிக்னோகெய்ன் ஊசியும் சோடியம் வாயிலைத்தான் அடைக்கிறது, ஆனால் ஆள் பார்க்காமல் எல்லா வகைகளையும் அடைக்கிறது. ஈறோடு நிற்கும்வரை நல்லது. ரத்தத்தில் அதிகம் கலந்தால் இதயமும் மூளையும் நிலைகுலையும். ஒன்பது வகைகளும் உருவில் அண்ணன் தம்பி மாதிரி. மற்றவற்றைத் தொடாமல் ஒன்றை மட்டும் அடைப்பது எப்படி? ஃபைசர் நிறுவனத்தின் வேதியியலாளர்கள், வாயிலின் துவாரத்தை விட்டுவிட்டு, மின்னழுத்தத்தை உணரும் உறுப்பில் போய் ஒட்டும் மூலக்கூறுகளை உருவாக்கி இதைத் தீர்த்தார்கள். எரித்ரோமெலால்ஜியா நோயாளிகள் ஐந்து பேரில் நால்வரின் ரத்தத்திலிருந்து குருத்து செல்களையும், அவற்றிலிருந்து உணர்வு நரம்பு செல்களையும் வளர்த்து அதில் மருந்தைச் சோதித்தார்கள். அந்த ஐந்து பேரில் பெரும்பாலோருக்கு மருந்து தற்காலிகமாகப் பலனும் தந்தது. 2016இல் இதைப் படித்தவர்கள் இனி எல்லாம் சுலபம் என்றே நம்பியிருப்பார்கள்.

2018இல் சர்க்கரை நோயாளிகளின் கால் எரிச்சலுக்கு அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு வந்தது. வெற்று மாத்திரையைவிட மேலானது என்று நிரூபிக்க முடியவில்லை. வேறு நிறுவனங்களின் நாவ் 1.7 மருந்துகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடப்பட்டன.

ஏன்? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஜான் வுட்டின் ஆய்வகம் இந்தக் கேள்வியை விடவில்லை. நாவ் 1.7 இல்லாமல் பிறந்த எலிகளின் உணர்வு செல்களில், உடலே தயாரிக்கும் அபின் போன்ற பொருளான என்கெஃபலின் வழக்கத்தைவிட அதிகமாக இருந்ததை அவர்கள் பார்த்தார்கள். அபினின் விளைவை முறிக்கும் நலாக்சோனைச் செலுத்தியதும் எலிகளுக்கு வலி திரும்பியது. அடுத்ததாக, நாவ் 1.7 இல்லாமல் பிறந்த 39 வயதுப் பெண் ஒருவர் சோதனைக்கு ஒப்புக்கொண்டார். நலாக்சோன் கொடுத்துத் தோலில் வெப்பக் கதிரைப் பாய்ச்சியபோது, வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு வலித்தது. 2015இல் வந்த முடிவு இது. 2021இல் அதே ஆய்வகம் இன்னும் ஒரு படி போனது. பிறவியிலேயே நாவ் 1.7 இல்லாதபோது வலி மறைவதற்குக் காரணம் தோலில் உள்ள நுனி மரத்துப்போவது அன்று. செல்லின் இரண்டாம் கிளை, முதுகுத் தண்டுக்குள் நுழையும் இடத்தில், செய்தியை அடுத்த செல்லுக்குக் கைமாற்றத் தவறுகிறது. மருந்துகளோ பெரும்பாலும் முதுகுத் தண்டுக்கு வெளியே நின்று வேலை செய்பவை.

பிறவியிலேயே ஒரு வாயில் இல்லாமல் வளர்ந்த உடலும், ஐம்பது வயதில் மாத்திரையால் அந்த வாயிலை அடைத்த உடலும் ஒன்றல்ல. முன்னதற்கு அந்தக் குறையைச் சுற்றித் தன்னை அமைத்துக்கொள்ள ஆயுள் முழுக்க நேரம் இருந்திருக்கிறது. தீ மிதித்த சிறுவனின் மரபணுவைப் பார்த்து நேராக மாத்திரைக்குத் தாவியவர்கள் இந்த இடைவெளியைக் கணக்கில் எடுக்கவில்லை. அதற்காக ஆராய்ச்சியைப் பழிப்பதும் சரியில்லை. குறிப்பிட்ட சில திரிபுகளில், அறுபது ஆண்டுகளாக வலிப்பு நோய்க்குக் கொடுத்துவரும் மலிவான கார்பமாசெபைன், தளர்ந்த வாயிலை மீண்டும் இயல்புக்கு இழுத்துவிடுகிறது என்பதை யேல் குழு புரதத்தின் கட்டமைப்பை வைத்தே முன்கூட்டிச் சொன்னது. அந்தத் திரிபுள்ள இரண்டு நோயாளிகளுக்குக் கொடுத்தபோது எரிச்சல் குறைந்தது. 2016இல் வெளியானது. இரண்டே பேர்தான். ஆனால் செல்லைப் படித்து, ஆளுக்கேற்ற வலி மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியும் என்பதற்கு அந்த இருவர் சாட்சி.

பெரிய அளவிலான பலன் கடைசியில் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. பேத்தை மீனின் நஞ்சுக்கும் அசையாத ஒரு சோடியம் வாயில் வலி செல்களில் இருக்கிறது என்று ஜான் வுட் குழு 1996இலேயே கண்டுபிடித்திருந்தது. மேலே பார்த்த நாவ் 1.8தான் அது. அமெரிக்காவின் வெர்டெக்ஸ் நிறுவனம் அதை மட்டும் அடைக்கும் சுசெட்ரிஜின் என்ற மருந்தை உருவாக்கியது. வயிற்றுத் தோல் நீக்கும் அறுவை, கால் பெருவிரல் எலும்புப் புடைப்பை அகற்றும் அறுவை, இவற்றுக்குப் பின் வரும் வலியில் அது வெற்று மாத்திரையைத் தெளிவாக வென்றது. 2025 ஜனவரி 30 அன்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அதற்கு ஒப்புதல் தந்தது. மூளையைத் தொடாததால் போதையும் அடிமைத்தனமும் எதிர்பார்க்கப்படாத ஒரு புதிய வகை. அறிமுக விலை மாத்திரைக்கு 15.50 டாலர். நம் நாட்டு நோயாளி எட்டிப்பிடிக்கக்கூடிய விலை இல்லை.

ஒப்புதல் குறுகிய கால வலிக்கு மட்டும். நாள்பட்ட வலியில் என்ன ஆனது? முதுகுத் தண்டிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வேர் நசுங்கி வரும் வலியில், நாம் சயாட்டிகா என்று சொல்வதில், 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். பத்துக்கு இத்தனை என்று நோயாளிகள் சொன்ன வலி மருந்தால் 2.02 குறைந்தது. வெற்று மாத்திரையால் 1.98 குறைந்தது. 2024 டிசம்பரில் இந்த இரண்டு எண்களும் வெளியானபோது நிறுவனத்தின் பங்கு சரிந்தது. சர்க்கரை நோயின் கால் எரிச்சலுக்கான சோதனை தொடர்கிறது.

அறுவைக்குப் பின் வரும் வலியைத் தணிக்கும் அதே அடைப்பு, ஆண்டுக்கணக்கில் பழகிப்போன வலியில் தடுமாறுவது ஏன் என்பதற்கு முதுகுத் தண்டுக்குள் பதில் இருக்கலாம். 2003இல் ஜப்பானிய, கனடிய ஆய்வாளர்கள் அங்கே நரம்பு செல்லே அல்லாத ஒரு செல் வலியை மூட்டிவிடுவதைக் கண்டார்கள். மைக்ரோகிளியா என்ற அந்த செல்லைப் பற்றியது அடுத்த அத்தியாயம்.

அதற்குள் ஒரு வேண்டுகோள். காரணம் தெரியாத பாத எரிச்சலோடு இதை வாசிப்பவர் எவரும், அல்லது அப்படி ஒருவரை வீட்டில் வைத்திருப்பவர் எவரும், சர்க்கரையும் பி12ம் பார்த்தாயிற்று, நரம்பு மின்கடத்தல் சோதனையும் சரியாக இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். மெல்லிய நரம்பிழைகளை எண்ணிப் பார்க்கும் தோல் திசுச் சோதனை தேவைப்படுமா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். எரிகிறதென்று காலை ஐஸ் தண்ணீரில் நெடுநேரம் ஊறவைக்காதீர்கள்.